இரண்டாம் கூண்டு

நான்கு கூண்டு, கூண்டுக்கு ஆறு எலி.
முதலாவதுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டாவதுக்குக் காட்மியம்.
மூன்றுக்கும் நான்குக்கும் காட்மியத்தோடு
நாவல்பழச் சாறு,
ஒன்றில் குறைத்து, ஒன்றில் கூட்டி.
இருபத்தெட்டு நாள்.

வாலில் நீல மசியால் கோடு போட்டவள் நான்.
சோப்புக்கும் போகாத விரலைப் பார்த்துவிட்டு
பஸ்ஸில் ஒருத்தர் கேட்டார்,
"சாயப்பட்டறைங்களா?"
ஆமாங்க என்றேன்.
விளக்கிச் சொல்ல
கணபதியிலிருந்து காந்திபுரம் வரை போதாது.

எலிகளுக்குப் பேர் வைக்கக் கூடாது, எண்தான்.
இரண்டாம் கூண்டு ஐந்துக்கு மட்டும்
கதவு திறந்தால் மணிக்கட்டில் ஏறும் பழக்கம்.
பதினான்காம் நாள் தீனியை மிச்சம் வைத்தது.
பதினேழாம் நாள் ஏறவில்லை.
மூலையில், முதுகு மயிர் சிலிர்த்து,
சாக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது.

நாலடி தள்ளி மேசையில் குடுவை.
சாற்றைக் காய்ச்சிப் பொடியாக்கி வைத்திருந்தேன்.
ஒரு சிட்டிகை. தராசுக்குக்கூடத் தெரியாது.
பத்தொன்பதாம் நாள் மூடியைத் திருகினேன்.
திரும்ப மூடினேன்.
மனசு நல்ல மனசு என்றெல்லாம் சொல்ல வரவில்லை,
ஐந்து பிழைத்தால் என் பட்டம் பிழைக்காது.

அண்ணன் திருமூர்த்திக்கு
போல்ட்டுக்கு முலாம் பூசுகிற ஷெட்டில் வேலை.
பதினொரு வருஷம்.
தொட்டியிலிருந்து ஆவி நேரே முகத்துக்கு வரும்.
புகையை இழுக்கிற விசிறி மூணு வருஷமாய்ச் சுற்றவில்லை.
சனிக்கிழமை சம்பளத்தோடு
ஆளுக்கு ரெண்டு பூவன்பழம், ஓர் அச்சு வெல்லம்.
"எல்லாத்தையும் முறிச்சுப் போடும் சாமி" என்பாராம் முதலாளி.
அண்ணன் அதைப் பையில் போட்டு
பிள்ளைக்குக் கொண்டு வந்துவிடுவான்.

இருபதாம் நாள் சாறு தீரப் பார்த்தது.
சித்தப்பா ஒரு கூடைப் பழம் கொடுத்தனுப்பினார்,
சூலூர் தாண்டி, நொய்யல் கரைக் காட்டு மரம்.
"காசு கீசுன்னு பேசப்படாது, படிப்புக்குங்."
பிழிந்தேன், வடித்தேன்.
ஒரு சொட்டை முதலில் கருவிக்குக் காட்டு என்றார் கைடு.

கருவி காட்டிய எண் சின்னது.
சின்னதானாலும் காட்மியம்.
நுரை ஓடிய வருஷமெல்லாம்
மரமும் வேரை இழுத்துக்கொண்டு எங்கே போகும்?
ஆனைகட்டியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு
அவர் டீ குடிக்கப் போனார்.
அந்த மரத்தடியில்
சித்தப்பா பேரன் நாக்கை நீட்டி, நீலமா பாரு, என்றானே,
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இருபத்தொன்பதாம் நாள் அறுத்தோம்.
நான்காம் கூண்டு ஈரல் ஏறக்குறைய முதல் கூண்டு மாதிரி.
இரண்டாம் கூண்டு ஐந்தினுடையதை
மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, வில்லையில் வைத்தேன்.
ஊதாவும் ரோஜாவுமாய், நடுநடுவே வெள்ளை ஓட்டை.
பார்க்க அழகாயிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.
'சாறு காக்கிறது' என்று எழுதினேன்.
கைடு பேனாவை எடுத்து முன்னால் ஒரு சொல் சேர்த்தார்: 'ஓரளவு.'

அன்று ராத்திரி, கொடுத்த அளவை
அண்ணனின் அறுபத்தொரு கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தேன்.
தினமும் ரெண்டு கை நாவல்பழம்.
நாவலுக்கு வருஷத்தில் ஆறு வாரம்தான் பருவம்.
அந்தத் தாளுக்குப் பின்பக்கம்
மளிகைச் சாமான் எழுதி அண்ணி கடைக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேட்டான்:
"எலி என்னாச்சு?"
வேலை செய்யுதுண்ணா, ஓரளவு.
விசிறியச் சரிபண்ணச் சொல்லு மொதல்ல.
"சொன்னேன் சாமி. உன் ஆராய்ச்சியும் சொன்னேன்.
மனுசனுக்கு ஒரே சந்தோசம்.
வர்ற சனிக்கிழமையிலிருந்து
மூணு பழம்ங்கறாரு."